ஜன்னல் வழியா ஒரு தட்டு பொங்கல்

ரொம்ப நாள் கழிச்சு மயிலாப்பூர் போனேன், லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்கு தடுப்பு அடிச்சு வச்சிருக்காங்க, எந்த சந்துல நுழைஞ்சு எங்க வெளிய வர்றோம்னே புரியல, எப்படியோ சுத்தி பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடைக்கு வந்து சேந்துட்டேன். வீட்டு ஜன்னல் வழியா தட்ட நீட்டுவாங்க, தெருவுலயே நின்னு சாப்பிடணும். பொங்கல், ஒரு வடை (சரி, ரெண்டு). அப்படியே கிழக்கு மாட வீதி காளத்தி கடை ரோஸ் மில்க். இன்னும் பேப்பர் கடையாவும் இருக்கு!

திரும்பி வர்ற வழியில புதுசா ஒரு ஏசி கஃபே. காபி 220 ரூபா, நுரை மேல இலைப்படம் வேற, டிகாஷன் வாசனையே காணோம். என் பொண்ணுக்கு அதான் பிடிக்குதாம். பில்லு மட்டும் அப்பாவுக்கு.