புல்வெளி முடியும் இடத்தில் கடல்

மலையேற்றம் என்றாலே மூச்சு வாங்கும் என்று ஒதுங்குபவர்களுக்கு இந்த நடை சரிப்பட்டு வரும். ஏற்றம் அவ்வளவாக இல்லை, இடுப்பளவு புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, கடல் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது, அப்புறம் திடீரென்று தரை முடிந்து கீழே அலை.

அங்கேதான் கவனம் வேண்டும். அலை அடிப்பக்கத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் விளிம்பு சில இடங்களில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், மேலே புல் மூடியிருப்பதால் நமக்குத் தெரியாது. நான் தள்ளியே உட்கார்ந்தேன் (படம் சுமாராகத்தான் வந்தது, போகட்டும்). மதியம் நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று வலுக்கும், என் தொப்பி போனது அதில்தான். காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பேண்டில் ஒட்டிய புல்விதைகளைப் பிடுங்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.