ஆமைக்காக ஏறிய பைக்

பிப்ரவரி 7, 2025, வெள்ளி

எனக்கு வயது 46. இதுவரை மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. சிங்கப்பூரில் பைக் வாங்க, வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழான சிஓஇ எடுக்கவே ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். ஈசூனில் எம்ஆர்டி இருக்கும்போது யாருக்கு அந்த வம்பு?

இரவு பத்தரைக்குச் சென்னையில் அடையாறு வீட்டு வாசலில் ஊரூர் குப்பத்துத் தம்பி ஸ்பிளெண்டரோடு வந்து நின்றார். கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடி இரவில் நடக்கும் ஆமை நடை நீலாங்கரையில் தொடங்குகிறது. ஆட்டோ பிடித்துக்கொள்கிறேனே என்றேன். "வாங்கக்கா, கால் மணி நேரம்தான்" என்று ஹெல்மெட்டை நீட்டினார். பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போடாவிட்டால் இங்கே ஆயிரம் ரூபாய் அபராதமாம். அபராதம் கட்டுகிற அளவுக்கு ஆபத்தானதில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

எதைப் பிடிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. தோளைப் பிடிக்கக் கூச்சம். சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கினேன். ஜெயந்தி சிக்னல் வருவதற்குள் விரல் மரத்துவிட்டது. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஒன்று உரசுவதுபோல் போனபோது முருகா என்று கத்தியது நான்தான்.

பாலவாக்கத்தில் ஓரங்கட்டினார். "வண்டி வலப்பக்கம் சாஞ்சா நீங்க இடப்பக்கம் சாயறீங்க. வண்டி உங்களோட சண்டை போடுதுக்கா." அப்புறம் ஒரு வழி சொன்னார்: அவருடைய எந்தத் தோள் இறங்குகிறதோ அதற்கு மேலாக ரோட்டைப் பார்க்க வேண்டும், உடம்பு தானாக வந்துவிடும். நான் கண்ணை மூடியே வந்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்தோம். முட்டையிட வந்த ஆமை ஒன்றுகூட இல்லை, செத்தது இரண்டு. ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவாம். ஆமையும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். படகுகள் இழுத்துப்போகும் இழுவைமடி வலையில் சிக்கினால் மூழ்கியே சாகும்.

பிப்ரவரி 8, சனி

தொடை இரண்டும் கழன்றுவிட்டன. நடந்ததால் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். இரவு நடைக்கு ஆட்டோவில் போனேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நடையில் எடுக்கும் முட்டைகளைப் புதைத்துப் பொரிக்கவைக்கும் இடம் பொரிப்பகம். அங்கே முட்டை மணலுக்குள் 45 நாள் அல்லது அதற்கு மேலும் இருக்கும். நாள் நெருங்கியதும் குழியின் மேல் கூடையைக் கவிழ்த்துவைப்பார்கள், குஞ்சுகள் திசைக்கொன்றாக ஓடாமலிருக்க. அந்தக் கூடைகளை வாங்கத் தம்பியோடு திருவான்மியூர் மார்க்கெட்டுக்குப் போனேன்.

எட்டு மூங்கில் கூடை. நான்கு நான்காக ஒன்றுக்குள் ஒன்று செருகி இரண்டு அடுக்கு, கைக்கு ஒன்று. கம்பியைப் பிடிக்கக் கை ஏது? "ஆட்டோல போட்டுடலாமா?" என்று அவரே கேட்டார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் பிடிக்கவில்லை. ஏறிவிட்டேன்.

முழங்காலால் சீட்டை இடுக்கிக்கொண்டேன். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் "பிரேக்கர்!" என்று குரல் கொடுத்தார், நான் லேசாக எழும்பி உட்கார்ந்தேன். மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பை ஒட்டி வளைந்தபோது அவருடைய வலத்தோள் இறங்கியது. அதற்கு மேலாகப் பார்த்தேன். அட, வண்டி சண்டை போடவில்லை. எதையும் பிடிக்காதபோதுதான் ஒழுங்காக உட்கார வந்தது. ஒரு கூடையின் விளிம்பு மட்டும் ஆட்டோவில் உரசிப் பிய்ந்தது. ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 15, சனி

பங்குனி ஆமை பார்த்தேன்! கொட்டிவாக்கம் தாண்டி, இரண்டு மணிக்கு. குழியை மூடி, உடம்பை இடமும் வலமும் ஆட்டி மணலைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போனது. 112 முட்டை. துணிப்பையில் வைத்துக் குலுக்காமல் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் எனக்குத் தூக்கம் சொக்கியது. நானா என்று நம்ப முடியவில்லை. தம்பி பயந்துவிட்டார். தூங்கவிடாமலிருக்க, "அக்கா, சிங்கப்பூர்ல வஞ்சிரம் என்ன விலை?" என்றார். நாங்கள் அதைத் தெங்கிரி என்போம் என்றேன். அது வேறு மீன் என்றார். இல்லை, அதேதான் என்றேன். வாசலில் இறங்கிய பிறகும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.