யாரு இதை இங்க வச்சது?

குழந்தையின் கை பட்டு தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. "கண்ணை எங்க வச்சிருக்க?" என்று ஒரு அதட்டல்.

கொஞ்ச நேரத்தில் அதட்டியவரின் முழங்கை பட்டு இன்னொரு டம்ளர் கவிழ்ந்தது.

"யாரு இதை இங்க வச்சது?"

குழந்தை அவர் முகத்தையே பார்த்தது. எதுவும் சொல்லவில்லை.

அடுத்தவர் தவறினால் அது அவருடைய குணம். நாம் தவறினால் சூழ்நிலை. அடுத்தவரை எடைபோடும்போது சூழ்நிலையை மறந்துவிடும் இந்தப் பழக்கத்தை 'அடிப்படைப் பிழை' என்றே உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் குறிப்பிட்டார்.

அதற்கும் முன்பு, 1967-இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அப்போதைய கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பமல்ல, அவருக்கு இடப்பட்ட வேலை என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவரின் மனதில் காஸ்ட்ரோ மீது ஆதரவு கூடுதலாக இருக்கும் என்றே படித்தவர்கள் கணித்தார்கள். கட்டாயம் என்று தெரிந்தும் அது கணக்கில் வரவில்லை!

பெரியவர்கள் ஒருவரையொருவர் பழித்துக்கொள்வதைக்கூட விடுங்கள். அவர்களால் பதில் பேச முடியும். குழந்தையால் முடியாது. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நம்பிவிடும்.

எது கைநழுவினாலும், யாரும் குறை சொல்வதற்கு முன்பே "எல்லாம் என் தப்புதான்" என்று சொல்லிவிடும் சிலரை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவர்கள் காதில் என்னென்ன விழுந்ததோ.