ப்ளூஸ் ஜாமுக்குப் பாட்டு படிப்பது: சோலோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

ப்ளூஸ் ஜாமில், அதாவது ஒத்திகை இல்லாமல் பலர் சேர்ந்து ப்ளூஸ் வாசிக்கும் மேடையில், புதிதாக ஏறுபவர்கள் தடுமாறும் இடங்கள் நான்கு: பாட்டு தொடங்கும் இடம், இரண்டாவது பார் (பார் என்பது நான்கு பீட் கொண்ட ஒரு தாள அலகு), நடுவில் வரும் நிறுத்தங்கள், முடிவு. வீட்டில் உட்கார்ந்து பழகும் நேரமெல்லாம் ரெக்கார்டில் உள்ள சோலோவை நோட்டுக்கு நோட்டு எடுப்பதிலேயே போய்விடுவதால் இந்த நான்கும் கைக்கு வராமலேயே நிற்கின்றன. சோலோ தப்பினால் சோலோ வாசிப்பவருக்கு மட்டும்தான் சங்கடம். பார் தப்பினால் மேடையில் உள்ள ஐந்து பேரும் சேர்ந்து விழுவார்கள்.

முதலில் அடிப்படை வடிவம். கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) ஒன்று, நான்கு, ஐந்து என எழுத்தாகவும் பார்களை எண்ணாகவும் எழுதுகிறேன், குழப்பம் வராது.

ஒன்று – ஒன்று – ஒன்று – ஒன்று
நான்கு – நான்கு – ஒன்று – ஒன்று
ஐந்து – நான்கு – ஒன்று – ஐந்து

ஒன்று, நான்கு, ஐந்து என்பவை அந்தந்தச் சுருதியின் முதல், நான்காம், ஐந்தாம் சுரத்தில் எழும் கார்டுகள். ஏ சுருதியில் இது ஏ7, டி7, ஈ7. ஈ சுருதியில் ஈ7, ஏ7, பி7. ஜி-யில் ஜி7, சி7, டி7. பெயரை விட்டுவிட்டு ஒன்று, நான்கு, ஐந்து என்றே மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. ஜாமில் சுருதியைத் தீர்மானிப்பவர் பாடகர். நீங்கள் ஏ-யில் ஒரு மாதம் உருப்போட்ட பாட்டை "சி-யில் போகலாம்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். ஏ, ஈ, ஜி, சி ஆகிய நான்கிலும் கையைப் பார்க்காமல் சுற்றி வர முடிந்தால் பெரும்பாலான இரவுகளைச் சமாளிக்கலாம். சாக்ஸஃபோன், டிரம்பெட் வரும் ஜாம் என்றால் பி ஃபிளாட்டையும் எஃப்-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிட்டார்காரருக்கு இனிக்கும் ஈ சுருதி, டெனர் சாக்ஸ்காரருக்கு எஃப் ஷார்ப்பாகவும் ஆல்டோகாரருக்கு சி ஷார்ப்பாகவும் விரலில் வந்து நிற்கும். அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு.

அடுத்தது இரண்டாவது பார். பல பாட்டுகளில் பார் 2-ல் நான்காவது கார்டுக்குப் போய், பார் 3-ல் திரும்ப ஒன்றுக்கு வருவார்கள். இதற்குக் குவிக் சேஞ்ச் என்று பெயர். நான்கு பாரும் ஒன்றிலேயே நின்றால் ஸ்லோ சேஞ்ச் அல்லது லாங் ஒன். பாதிப் பேர் போய் பாதிப் பேர் போகாவிட்டால் என்ன ஆகும்? ஏ7-ல் உள்ள சி ஷார்ப்பும் டி7-ல் உள்ள சி-யும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். ஷஃபிளில் (பீட்டை நீளமும் குறுக்கமுமாக ஆட்டி வாசிக்கும் நடை), நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், அந்த உரசல் இரண்டு நொடியில் கடந்துவிடும். மெதுவான ப்ளூஸில் நான்கு நொடி நீளும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால், முதல் சுற்றில் மட்டும் பார் 2-ல் கிட்டார்காரரும் கீபோர்டுகாரரும் வாசிக்காமல் கையை எடுத்துவிடலாம். பேஸ்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் எங்கே போகிறாரோ அதுவே அன்றைய சட்டம். சரியோ தப்போ, அவருடன் போங்கள்.

ஒரு பாட்டைப் படிக்கும்போது குறைந்தது மூன்று பேர் பதிவு செய்ததைக் கேளுங்கள். மூன்றிலும் மாறாமல் இருப்பதுதான் பாட்டு. மற்றது அந்தக் கலைஞரின் ஏற்பாடு. ஜாமில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்திருப்பது அந்த மாறாத பகுதி மட்டுமே. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சிறு அட்டை போதும்: வழக்கமான சுருதி, தாளத்தின் நடை, பார் 2-ல் என்ன, எங்கே நிறுத்தம், எப்படி முடிவு.

எந்தப் பாட்டுகள்? வடிவத்துக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம். ஒரே வடிவத்தில் பத்துப் பாட்டு தெரிவதை விட ஆறு வடிவத்தில் ஆறு பாட்டு தெரிவது மேல்.

'ஸ்வீட் ஹோம் சிகாகோ'வை ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவு செய்தார். இன்று ஜாம்களில் இது பெரும்பாலும் ஈ அல்லது ஏ சுருதியில், குவிக் சேஞ்சுடன் கூடிய ஷஃபிள். எண்கணக்குப் போல வரும் சரணத்தில் முதல் நான்கு பாருக்கு நிறுத்தம் உண்டு: முதல் பீட்டில் ஒரு அடி, பிறகு மௌனம், பாடகர் தனியாக. பார் 5-ல் எல்லோரும் சேர்ந்து நான்காவது கார்டில் இறங்க வேண்டும். இந்தப் பாட்டு அளவுக்கு மீறி வாசிக்கப்பட்டதுதான், பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் நீங்கள் கற்கும் முதல் பாட்டுக்கு அது ஒரு குறையே இல்லை.

'ஹூச்சி கூச்சி மேன்' வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1954-ல் பதிவு செய்தது. பன்னிரண்டு பார் அல்ல, பதினாறு. முதல் எட்டு பாரும் ஒன்றாவது கார்டில், அந்தப் புகழ்பெற்ற நிறுத்த ரிஃபுடன் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்) போகும். பார் 9, 10 நான்கு, 11, 12 ஒன்று, 13 ஐந்து, 14 நான்கு, 15, 16 ஒன்று. விபத்து நடப்பது பார் 5-ல்: பழக்க தோஷத்தில் யாராவது நான்காவது கார்டுக்குத் தாவிவிடுவார்கள். இன்னொரு சிக்கல், சோலோவுக்குப் பதினாறா, பன்னிரண்டா? முன்பே பேசிவிடுங்கள்.

'கீ டு தி ஹைவே' எட்டு பார் வடிவம்:

ஒன்று – ஐந்து – நான்கு – நான்கு
ஒன்று – ஐந்து – ஒன்று – ஐந்து

இரண்டாவது பாரிலேயே ஐந்தாவது கார்டு வருவதுதான் இதன் அடையாளம். கை தானாக நான்குக்கு ஓடும், அதைத் தடுக்கத்தான் பயிற்சி. பார் 7-ல் ஒன்றிலிருந்து நான்குக்கும், பார் 8-ல் ஒன்றிலிருந்து ஐந்துக்கும் பாதிப் பாதியாக நகர்த்துபவர்களும் உண்டு.

'தி த்ரில் இஸ் கான்' ராய் ஹாக்கின்ஸ் 1951-ல் வெளியிட்டது. எல்லோர் காதிலும் இருப்பது பி.பி. கிங் 1969-ல் பதிவு செய்த வடிவம். பி மைனர், நேர் நடை (பீட்டைச் சமமாகப் பிரிப்பது). இதை ஷஃபிளாக ஆட்டினால் பாட்டின் முகமே மாறிவிடும். முதல் நான்கு பார் பி மைனர், இரண்டு பார் ஈ மைனர், இரண்டு பார் பி மைனர். பிறகு பார் 9-ல் ஜி மேஜர் 7, பார் 10-ல் எஃப் ஷார்ப் 7, கடைசி இரண்டும் பி மைனர். பார் 9-ல் வழக்கமான ஐந்து இல்லை என்பதை மறப்பவர்கள் ஏராளம். சோலோவில் மேஜர் மூன்றாம் சுரமான டி ஷார்ப்பைத் தொடாதீர்கள். ஏ7 போன்ற ஏழாம் கார்டுகளில் போகும் ப்ளூஸில் மேஜர் மூன்றாம் சுரம் அழகு, இங்கே தப்பான நோட்டு.

'ஸ்டார்மி மண்டே' டி-போன் வாக்கர் 1947-ல் பதிவு செய்த மெதுவான ப்ளூஸ். இதில்தான் அதிகமான பேர் மாட்டிக்கொள்கிறார்கள், காரணம் இதற்கு இரண்டு உருவம் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று சாதாரணப் பன்னிரண்டு பார். மற்றொன்று, ஆல்மன் பிரதர்ஸ் 1971-ல் வெளியிட்ட நேரடி நிகழ்ச்சிப் பதிவால் பரவியது. ஜி சுருதியில் அதன் பிற்பாதி இப்படிப் போகும்: பார் 7-ல் ஜி7, ஏ மைனர் 7, பார் 8-ல் பி மைனர் 7, பி ஃபிளாட் மைனர் 7, பார் 9-ல் ஏ மைனர் 7, பார் 10-ல் சி மைனர் 7, பார் 11-ல் ஜி7, சி7, பார் 12-ல் ஜி7, டி ஆக்மென்டட். கீபோர்டு ஒரு உருவத்திலும் பேஸ் இன்னொன்றிலும் போனால் காப்பாற்ற வழியில்லை. "ஏறி இறங்கும் கார்டுகளோடவா, சாதாவா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. மெதுவான ப்ளூஸை 12/8 ஆக எண்ண வேண்டும், ஒவ்வொரு பீட்டுக்குள்ளும் மூன்று. அந்த மூன்றை உள்ளுக்குள் எண்ணாதவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்.

'மஸ்டாங் சாலி' கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். வில்சன் பிக்கெட் 1966-ல் பதிவு செய்தது. நேர் நடை, வழக்கமாக சி. இருபத்து நான்கு பார், அதாவது பன்னிரண்டின் இரட்டிப்பு: எட்டு பார் ஒன்று, நான்கு பார் நான்கு, நான்கு பார் ஒன்று, அப்புறம் ஐந்து. ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும் இடத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. டிரம்ஸ்காரரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

'ப்ரைட் அண்ட் ஜாய்' பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்டீவி ரே வான் 1983-ல் வெளியிட்ட அந்தப் பதிவில் கிட்டார் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கிறது. ரெக்கார்டில் கேட்பது ஈ ஃபிளாட், அவர் விரல் பிடிப்பது ஈ. ஜாமில் கிட்டார்காரர்கள் ஈ என்றே சொல்வார்கள்.

இனி கார்டு வாசிப்பது. ஒரு மேடையில் மூன்று கிட்டார் இருந்தால் மூவரும் ஆறு கம்பியையும் அடிப்பது சத்தமே தவிர இசை ஆகாது. ஏழாம் கார்டின் உயிர் அதன் மூன்றாம், ஏழாம் சுரங்களில் இருக்கிறது, இரண்டு கம்பி போதும். ஏ7-க்கு டி கம்பியில் 5-ஆம் ஃப்ரெட், ஜி கம்பியில் 6. டி7 வேண்டுமா? அதே பிடியை ஒரு ஃப்ரெட் கீழே இறக்குங்கள்: 4, 5. ஈ7-க்கு ஏ7-லிருந்து ஒரு ஃப்ரெட் மேலே: 6, 7. பாட்டு முழுவதும் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிடும். மூலச் சுரம் பேஸ்காரர் பொறுப்பு. எந்தச் சுருதிக்கும் இந்தப் பிடியை அப்படியே நகர்த்திக்கொள்ளலாம். கீபோர்டுகாரருக்கும் இதே நியாயம்: பேஸ் இருக்கும்போது இடது கையை அடக்கி வைக்க வேண்டும். பாடகரின் சொற்கள் உங்கள் காதில் விழவில்லை என்றால் உங்கள் ஆம்ப்ளிஃபையர் சத்தம் அதிகம். வேறு அளவுகோல் தேவையில்லை.

மவுத் ஆர்கன் வாசிப்பவர்கள் நான்கு வாத்தியமாவது கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் நிலையில் (பாட்டின் சுருதிக்கு நான்காம் சுரத்தில் அமைந்த வாத்தியத்தில் வாசிப்பது), ஏ சுருதிக்கு டி, ஈ-க்கு ஏ, ஜி-க்கு சி, சி-க்கு எஃப். பி மைனர் பாட்டுக்கு மூன்றாம் நிலையில் (சுருதிக்கு ஒரு முழுச் சுரம் கீழே உள்ள வாத்தியத்தில் வாசிப்பது) ஏ வாத்தியம் பொருந்தும். ஆனால் அதில் இயல்பாக இருப்பது ஜி ஷார்ப், ஜி அல்ல. ஆகவே பார் 9-ல் ஜி மேஜர் 7 வரும்போது பி, டி, எஃப் ஷார்ப் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

பயிற்சியில் மெட்ரோனோமை ஒவ்வொரு பீட்டுக்கும் அடிக்க விடாதீர்கள். 120 வேக ஷஃபிளுக்கு 60-ல் வைத்து, அந்த ஒலியை இரண்டாம், நான்காம் பீட்டாகக் கேளுங்கள். முதலில் தலைகீழாகத் தெரியும், ஸ்நேர் டிரம் விழும் இடம் அதுதான் என்று பிறகு பிடிபடும். வாசித்துக்கொண்டே பார் எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அது தடங்கலின்றி வந்தால், அப்புறம் வாசித்துக்கொண்டே யாரிடமாவது பேசிப் பாருங்கள். மேடையில் சைகை கவனிக்க மூளையில் இடம் மிச்சம் இருக்க வேண்டும்.

பாட்டை நீங்கள் அழைத்தால், எண்ணுவதற்கு முன் பத்து நொடியில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஏ-ல ஷஃபிள், குவிக் சேஞ்ச், ஐந்துல இருந்து ஆரம்பம், ரெண்டாவது சரணத்துல நிறுத்தம், கடைசி வரி மூணு தடவை." ஐந்திலிருந்து என்றால் பார் 9-ல் தொடங்கி நான்கு பார் முன்னிசை. டர்ன்அரவுண்டிலிருந்து (அடுத்த சுற்றுக்குத் திருப்பும் பகுதி) என்றால் கடைசி இரண்டு பார் மட்டும். எண்ணும் முன் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பார்த்து அந்த வேகத்தை எடுங்கள். பதற்றத்தில் எண்ணினால் எப்போதும் வேகமாகத்தான் வரும்.

இரைச்சலில் சுருதி கேட்காதபோது விரலைப் பாருங்கள். மேல் நோக்கிய விரல்கள் ஷார்ப்பின் எண்ணிக்கை: ஒன்று ஜி, இரண்டு டி, மூன்று ஏ, நான்கு ஈ. கீழ் நோக்கியவை ஃபிளாட்: ஒன்று எஃப், இரண்டு பி ஃபிளாட், மூன்று ஈ ஃபிளாட்.

சோலோவுக்கு இரண்டு சுற்று. 120 வேகத்தில் ஒரு சுற்று 24 நொடி. மெதுவான ப்ளூஸில் நிமிடத்துக்கு 60 பீட் என்றால் ஒரு சுற்றே 48 நொடி ஆகிவிடும், அங்கே ஒன்றோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. பார் 11 வரும்போது தலையைத் தூக்கி அடுத்தவரைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவரை யாரும் நிறுத்த முடியாது, மூன்றாவது சுற்றில் எல்லோரும் கடுப்பாவார்கள்.

முடிவுக்கு வருவோம். மூன்று தடவை என்றால் பார் 9, 10 இரண்டையும் மூன்று முறை சுற்றிவிட்டு 11-க்குப் போவது. பார் 11-ன் முதல் பீட்டில் எல்லோரும் ஒன்றாவது கார்டை அடித்து நிறுத்த, ஒருவர் மட்டும் இறங்குவரிசைச் சங்கதியை வாசிப்பார். பார் 12-ல் ஒரு அரைச் சுரம் மேலேயிருந்து ஒன்றுக்கு இறங்குவது வழக்கம்: ஏ சுருதியில் பி ஃபிளாட் 9, உடனே ஏ 9. பார் 12-ல் வழக்கம்போல் ஐந்தை அடித்தவர் தனியாக மாட்டுவார், அதனால் கடைசிச் சுற்று என்று தெரிந்ததும் ஐந்தை மறந்துவிடுங்கள். பாட்டை நடத்துபவர் முஷ்டியை உயர்த்தினால் அது கடைசிச் சுற்று. 'தி த்ரில் இஸ் கான்' பாட்டுக்கு மட்டும் இது எதுவும் உதவாது, ரெக்கார்டில் சத்தம் மெல்லக் குறைந்து மறையும், முடிவே கிடையாது. பார் 11, 12-ன் பி மைனரிலேயே சுற்றிக்கொண்டிருந்து, சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, முஷ்டி உயர்ந்த பிறகு வரும் முதல் பீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு பி மைனர் அடித்து விட்டுவிடுங்கள்.