ஜிஎஸ்டி தேதிகளுக்கு நடுவே 42 கிலோமீட்டர்

சென்னை மாரத்தான் ஜனவரி முற்பகுதியில் நடக்கும். முழு மாரத்தானுக்கான பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் 16 முதல் 18 வாரங்கள் நீள்பவை. பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் செப்டம்பரில் வந்து விழுகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு செப்டம்பர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 30ஆம் தேதி வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு, அடுத்து அக்டோபர் 31 வருமான வரி ரிட்டர்ன். கெடுவை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு வேறு தினமும் ஓடும். அதெல்லாம் ஓய்ந்து நிமிர்ந்தால் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்.

அதனால் வாரக் கணக்கை மூட்டைகட்டி வைத்துவிட்டு, அலுவலகக் காலண்டரை வைத்தே ஓட்டத்தை வகுத்துக்கொண்டேன். மாதாமாதம் 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. இவற்றுக்கு முந்தைய நாட்களில் அரை மணி நேரம் ஓடினாலே பெரிது. 21இல் தொடங்கி அடுத்த மாதம் முதல் வாரம் வரைதான் எனக்கு உண்மையான பயிற்சிக் காலம். தூரத்தைக் கூட்டுவதெல்லாம் அப்போதுதான். வாரநாள் ஓட்டம் போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அன்றைய காலை டிபனை அத்தை ஏற்றுக்கொண்டார். "வந்ததும் வியர்வையோடு சோபாவில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்" என்பது அவருடைய நிபந்தனை.

வேகத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படவில்லை. 180இலிருந்து வயதைக் கழித்து, இதயத்துடிப்பை அந்த எண்ணுக்குள் வைத்துக்கொண்டு ஓடச் சொல்வது அமெரிக்கப் பயிற்சியாளர் பில் மாஃபெடோனின் முறை. எனக்கு 41 வயது, ஆகவே 139. செப்டம்பரில் இந்த எல்லைக்குள் ஓடியபோது ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் ஆனது. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். இப்போது டிசம்பர் தொடக்கத்தில் அதே துடிப்பில் ஏழே முக்கால். இதில் கால்களின் பங்கு பாதிதான் இருக்கும், மீதி தட்பவெப்பத்தின் தயவு. புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடும், உடல் குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். சென்னையில் செப்டம்பர் ஓட்டத்தை வைத்துத் தன்னைத் தானே எடைபோடுவது அநியாயம்.

எடை என்றதும் ஒன்று. ஓடப்போகும் முன்னும் வந்து துடைத்துக்கொண்ட பின்னும் எடை பார்க்கத் தொடங்கியதுதான் இந்தப் பருவத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட காரியம். அக்டோபரில் ஓர் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 1.6 கிலோ குறைந்திருந்தது. வழியில் அரை லிட்டர் குடித்ததையும் சேர்த்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை! அத்தனையையும் ஓடிக்கொண்டே குடித்து ஈடுகட்ட முடியாது, முயன்றால் வயிறு குலுங்கும். வெறும் தண்ணீராக அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அது தனி ஆபத்து. எனவே ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கரைசல், இன்னொன்றில் தண்ணீர், தாகத்துக்கு மட்டும் வாய் நனைய. மோர் வீட்டுக்கு வந்த பிறகுதான். கடலை மிட்டாயைக் கடித்தபடி மூச்சுவிடப் பெரும் திறமை வேண்டும், எனக்கு அது இல்லை. கொட்டை நீக்கிய பேரீச்சை சத்தமில்லாமல் இறங்குகிறது.

வழக்கமான பாதை திருவான்மியூரிலிருந்து அடையாறு, சாந்தோம், கலங்கரை விளக்கம் தாண்டி நேப்பியர் பாலம், பிறகு திரும்பல். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். நவம்பரில் பல காலைகள் மழையில் போயின. தூறலென்றால் ஓடிவிடலாம். தேங்கிய நீரில் மட்டும் கால் வைப்பதில்லை, அடியில் பள்ளமா மூடியில்லாத சாக்கடையா என்று தெரியாது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கங்கள் நன்றாக உறிஞ்சுகின்றன என்பது என் கணிப்பு.

இருபதைத் தாண்டிய பிறகு நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. நடப்பதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பார்க்கட்டும். களைத்த பிறகு நடப்பதும் களைக்கும் முன்பே நடப்பதும் ஒன்றல்ல. 26 கிலோமீட்டர் முடித்துவிட்டு அன்றே மாடிப்படி ஏறி இறங்க முடிந்தது. இலக்கு ஐந்தரை மணி நேரம்.

மிச்சம் இருப்பது 30 கிலோமீட்டர் ஓட்டம். மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்பே அதை முடித்துவிட வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டால் டிசம்பர் 14 வருகிறது, மறுநாள் அட்வான்ஸ் டேக்ஸ், அதாவது முன்கூட்டியே கட்டும் வருமான வரியின் மூன்றாம் தவணை. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு அலுவலகத்தில் இருக்கலாம். அதன் பிறகு தூரத்தைக் குறைக்கும் வாரங்கள். அலுவலகத்திலும் ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்கு 31ஆம் தேதி கெடு. இந்த ஓர் இடத்தில்தான் இரண்டு காலண்டரும் ஒத்துப்போகின்றன. 14ஆம் தேதி புயல் ஏதாவது கிளம்பினால் ஓட்டத்தை 21ஆம் தேதிக்குத் தள்ளி, தூரத்தை 24ஆகக் குறைத்துக்கொள்வேன்.