ஒரே சிவப்புக் கோட்டு

மதுரைப் பக்கத்து நாடகம் என்றால் வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார்; அவர் கட்டிக் கொடுத்த பாட்டையும் வசனத்தையும் கொண்டு நூறு ஆண்டு கழித்தும் பல வீடுகளில் உலை வைக்கிறார்கள். நான் வேலை பார்த்த குழு அந்த வழியைச் சேர்ந்ததல்ல. எங்களிடம் பபூன் கிடையாது, விடிய விடியப் பாட்டும் கிடையாது. வசனம், செட்டு, விளக்கு என்று போகிற குழு. பங்குனி முதல் ஆடி வரை கோவில் திருவிழாக்கள், அதன் பிறகு பள்ளி விழாக்கள், எப்போதாவது ஓர் அரசு விழா. எனக்கு அங்கே இரண்டு வேலை. சைடு விங்கில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது ஒன்று, உடைப் பெட்டியைக் கட்டிக் காப்பது இன்னொன்று. சம்பளம் மட்டும் ஒன்று.

ஓர் ஆண்டு, திருவிழாக் காலம் தொடங்குவதற்கு முன்பே வாத்தியார் முடிவு செய்துவிட்டார் (எங்கள் பக்கத்தில் நாடகத்தை எழுதி நடத்துபவரை அப்படித்தான் அழைப்போம்): இந்தப் பருவம் முழுக்க வரலாற்று நாடகம் மட்டும். வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள் என்று மூன்று. 1772-இல் காளையார்கோவிலில் நாச்சியாரின் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்படுவதில் முதல் நாடகம் தொடங்கும். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கில் ஏற்றப்படுவதில் மூன்றாவது முடியும். மூன்றையும் அடுத்தடுத்த இரவுகளில் போட வேண்டும், முதல் இரவு சின்ன மருதாக வந்தவரேதான் மூன்றாம் இரவும் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. பத்தொன்பது வயதில் நாச்சியாருக்குக் காவல் நின்றவன் நாற்பத்தெட்டு வயதில் தூக்குமரத்துக்கு நடந்து போவதை ஊர் ஒரே முகத்தில் பார்க்க வேண்டும் என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. திருவிழாக் கமிட்டிகளுக்கு அது பிடிக்கவில்லை. கட்டபொம்மன் மட்டும் போடுங்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்றார்கள். சில ஊர்களில் மருது சகோதரர்கள் மட்டும். நாச்சியாரை மகளிர் தினத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். எந்த ஊர் எந்த வீரரைக் கேட்கும் என்பதை அந்த ஊரில் யார் கமிட்டித் தலைவர் என்று தெரிந்தாலே சொல்லிவிடலாம். இதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று இரவும் சேர்த்துக் கேட்ட ஊர்கள் மிகக் குறைவு. ஆனால் அந்த ஊர்களில் போட்டபோதுதான் இந்த மூன்று நாடகத்துக்கும் பொதுவாக வருகிறவர் யார் என்பது எனக்கு உறைத்தது.

அவர் கட்டபொம்மன் அல்லர், சின்ன மருதுவும் அல்லர். சிவப்புக் கோட்டு போட்டவர்.

எங்களிடம் இருந்தது ஒரே கோட்டு. பேண்டு வாத்தியக்காரர்களுக்குச் சட்டை தைக்கும் தையற்கடையில் சொல்லித் தைத்தது. தடித்த துணி, உள்ளே லைனிங், பித்தளைப் பொத்தான்கள். வைகாசி வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு விளக்கு முன்னால் நிற்பவர் படும் பாடு சொல்லி மாளாது. ஒரு காட்சி முடிந்து உள்ளே வந்ததும் அந்த நடிகர் (அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம்) இரு கைகளையும் விரித்து நிற்பார். நான் பொத்தானைக் கழற்றி, பனியனைப் பிழிந்து உலர்த்திவிட்டு, காலரையும் மணிக்கட்டுப் பட்டியையும் மாற்றுவேன். அவை வெல்க்ரோவில் ஒட்டியவை. மஞ்சள் பட்டி ஒட்டினால் பானர்மேன், பச்சை ஒட்டினால் அக்னியூ, நீலம் என்றால் ஜோசப் ஸ்மித். கலெக்டர் ஜாக்சனுக்கு மட்டும் கோட்டு வேறு. அவர் சிவில் ஆள், கறுப்புக் கோட்டு போதும். முப்பது ஆண்டுக் கால வெள்ளைக்காரப் படை முழுவதும் அந்த ஒரு மனிதரின் உடம்பில் ஏறி இறங்கியது.

நம் மேடையில் வெள்ளைக்காரன் என்றால் தமிழை மென்று துப்ப வேண்டும். கூட்டம் சிரிக்கும், நடிகருக்கும் அது சுகம். வாத்தியார் அதை நிறுத்திவிட்டார். துரை ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசுவார், பக்கத்தில் நிற்கும் துபாஷி அதைத் தமிழில் சொல்வார், அதன் பிறகு துரை நேராக நல்ல தமிழிலேயே பேசத் தொடங்கிவிடுவார். இது துபாஷியின் குரல் என்று பார்ப்பவர் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சில ஊர்களில் கூட்டத்துக்குக் குழப்பம்தான். அண்ணனுக்கே பிடிக்கவில்லை. சிரிப்பு போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். ஆனால் 1798-இல் ராமநாதபுரத்தில் ஜாக்சன் கட்டபொம்மனைச் சந்திக்கும் காட்சியில் விளைவு தெரிந்தது. ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் கூப்பிட்டு நிற்க வைத்துக் கணக்குக் கேட்கும் ஓர் அதிகாரி தெளிவான தமிழில் பேசும்போது, அவர் கோமாளியாக இல்லை. தாலுகா அலுவலகத்தில் நாம் பார்த்த ஆள் போல இருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டுக் கோபப்பட்டார்கள்.

கட்டபொம்மன் நாடகத்தைப் போடுகிற எவருக்கும் ஒரு தலைவலி உண்டு. சிவாஜி நாடக மன்றம் 1957-இல் மேடையேற்றி, 1959-இல் திரைப்படமாக வந்த கட்டபொம்மன்தான் ஊரார் மனத்தில் இருப்பவர். வரி கேட்கும் இடம் வந்தால் பெஞ்சில் இருப்பவர்களே சினிமா வசனத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் நாடகத்தில் வேறு வசனம். விங்கில் புத்தகத்தோடு நிற்கும் எனக்கு ஒரு பக்கம் நடிகர் சொல்வதும் இன்னொரு பக்கம் கூட்டம் சொல்வதும் கேட்கும். அதற்குப் பதில் கொடுத்தால் தோற்றுப்போவோம் என்று வாத்தியார் சொல்லி வைத்திருந்தார். கட்டபொம்மன் அந்த இடத்தில் குரலை உயர்த்தாமல், கூட்டம் ஓயும் வரை ஜாக்சனைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு நடிகரிடம் கைதட்டலை இப்படி விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிதல்ல. அவர் பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கயத்தாறு காட்சியில் சண்டை இன்னும் பெரிதாக வந்தது. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கு. புளியமரத்தடியில் நீண்ட வசனம் வேண்டும் என்று நடிகரும் கேட்டார், கமிட்டிகளும் கேட்டன. வாத்தியார் கையில் வைத்திருந்தது, தூக்கிலிட்ட பானர்மேன் மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் செய்தி. விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சாமல் நின்றதையும், தன்னைப் பிடித்துக் கொடுக்க முயன்ற எட்டயபுரம் பாளையக்காரரை இகழ்ச்சியோடு பார்த்ததையும் அதில் அவரே எழுதுகிறார். தூக்குமரத்துக்குப் போகும் வழியில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்தே செத்திருக்கலாம் என்று வருந்தினாராம். வாத்தியார் இவ்வளவையும்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு பார்வை, தம்பியைப் பற்றி ஒரு வரி, கோட்டையைப் பற்றி ஒரு வரி. நான் புத்தகத்தை மூடிவிட்டே நிற்கலாம், எடுத்துக்கொடுக்க ஒன்றும் இல்லை.

தூக்கு எப்படிப் போடுகிறோம் என்று பலர் கேட்பார்கள். சட்டைக்குள் இடுப்பிலும் தொடையிலும் பட்டை, முதுகில் இரும்பு வளையம், மேலே குழாயில் கட்டிய தனிக் கயிறு. எடை முழுவதும் அதில்தான். கழுத்தில் விழும் சுருக்கு வெறும் பஞ்சு, இழுத்தால் பிரிந்துவிடும்படி ஒற்றை நூலில் தைத்தது. வளையத்தில் கொக்கி மாட்டுவது என் பொறுப்பு. மாட்டிவிட்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் நடிகர் பலகையை விட்டுக் காலை எடுப்பார். மூன்றாம் நாடகத்தில் இரண்டு பேரைத் தூக்க வேண்டும், எங்களிடம் பட்டை ஒன்றுதான். அதனால் திருப்பத்தூர் காட்சியை வெள்ளைத் திரைக்குப் பின்னால் நிழலாக வைத்தார்கள். அதை அழகியல் என்று பாராட்டிய பெரியவர் ஒருவரிடம் வாத்தியார் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

எட்டப்பனாக வந்தவரின் பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெயர் வசவாகவே மாறிவிட்ட நாடு இது. நாடகம் முடிந்து டீ குடிக்கப் போனால் சின்னப் பையன்கள் பின்னாலேயே வந்து திட்டுவார்கள். கோவில்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் பாத்திரத்தையே எடுத்துவிட்டால் நல்லது என்று தன்மையாகக் கேட்டார்கள். வாத்தியார் எடுக்கவில்லை. ஆனால் மீசை முறுக்கும் சிரிப்பை எடுத்துவிட்டார், அதற்குப் பதிலாக இரண்டு பாளையங்களுக்கும் இருந்த எல்லைத் தகராற்றை ஒரு காட்சியாக எழுதிச் சேர்த்தார். இந்தக் காட்சி நாடகத்தின் வேகத்தைக் குறைத்தது என்பது என் எண்ணம். இருந்தாலும் அதன் பிறகு அந்த நடிகர் நிம்மதியாக டீ குடித்தார்.

நாச்சியார் நாடகத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கணவரை இழந்து, விருப்பாச்சியில் இருந்து, ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்ட கதை தானாகவே ஓடும். குயிலி உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாயும் இடம் வாய்மொழியாக வந்த கதை. அதை விட்டுவிட்டு அந்த நாடகத்தைப் போட முடியாது. சிவப்பு விளக்கு, சாம்பிராணிப் புகை, ஒரு வெடி. எந்த ஊரிலும் தவறியதில்லை.

மூன்றாவது நாடகம்தான் என் வேலைக்கு உயிர் கொடுத்தது. அதில் அண்ணனுக்கு ஜேம்ஸ் வெல்ஷ் வேடம். வெல்ஷ் கும்பெனிப் படையில் இளம் அதிகாரியாக 1795-இல் சின்ன மருது இருந்த சிறுவயலுக்கு வந்தவர். பிற்காலத்தில் தம் நினைவுகளை எழுதி வைத்தார். ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைந்த எறிகட்டையை வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று சொல்கிறார். அதே மனிதரை 1801-இல் காட்டு விலங்கை விரட்டுவது போல விரட்ட நேர்ந்ததையும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்தவரைப் பார்த்ததையும் அவரே எழுதுகிறார். எங்கள் நாடகம் அந்த வளரிப் பாடத்தில் தொடங்கும். வேங்கை மரத்தில் செதுக்கிய உண்மையான வளரி. கூட்டத்தின் பக்கம் வீச முடியாது என்பதால் விங்கை நோக்கி வீசுவார்கள். அங்கே நான் நான்காக மடித்த ஜமுக்காளத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சின்ன மருது வீசியது நேராக வந்து விழும். வெல்ஷ் முதல் முறை வீசுவது தவற வேண்டும் என்பதால் தரையில் உருளும். இரண்டாவது சரியாக வரும். சின்ன மருது அவர் தோளைத் தட்டுவார். அடுத்த காட்சியில் ஆறு ஆண்டு கடந்திருக்கும்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையையும் நாங்கள் வெல்ஷிடமிருந்துதான் எடுத்தோம். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி வந்தவர், இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாளில் மீண்டும் எழுப்பிய ஊருக்குத் தலைவர். பேச வராதவர் எப்படிப் படை நடத்தினார்? இடது உள்ளங்கையில் சிறு வைக்கோல் துண்டுகளை வைப்பாராம், அவை வெள்ளைக்காரர்கள். வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் துடைத்தெறிந்து வாயால் ஒரு சீறல். அதுதான் தாக்கச் சொல்லும் உத்தரவு. அதை எத்தனை பக்க வசனம் எழுதினாலும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் மாலையில் யார் வீட்டு மாட்டுக்கொட்டகையிலாவது ஒரு பிடி வைக்கோல் கேட்டு வாங்குவேன். எதற்கு என்று கேட்டால் ஊமைத்துரைக்கு என்பேன். காசு வாங்கியவர் இல்லை.

காளையார்கோவில் கோபுரத்தை இடித்துவிடுவோம் என்று மிரட்டியதால்தான் மருதிருவர் சரணடைந்தார்கள் என்பது ஊர் வழக்கு. காட்டில் பிடிபட்டார்கள் என்கிறது எதிரிகளின் எழுத்து. இதில் எதைப் போடுவது? வாத்தியார் காட்டில் பிடிபடுவதையே காட்டினார். தூக்குக்குப் பிறகு நான்கு கிராமத்தார் மேடைக்கு வந்து கோபுரக் கதையைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பருவத்திலேயே ஆகச் சிறந்த காட்சி அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கமிட்டி மட்டும் மீதிப் பணத்தைத் தரத் தாமதித்தது.

மூன்று நாடகத்திலும் எனக்கு மனப்பாடமாக நின்ற இடங்கள் எல்லாம் தூக்கிலிட்டவர்கள் எழுதி வைத்ததிலிருந்து வந்தவை என்பதை வாத்தியாரிடம் ஒரு நாள் வண்டியில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நம்மவர்கள் எழுதியது எரிந்துபோயிருக்கும், அல்லது எழுதவே நேரம் இருந்திருக்காது என்றார். அப்படியே நான்காவது நாடகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். துறைமுகத்தில் அந்தக் கைதிகளுக்குப் பொறுப்பு வெல்ஷ். பையனின் விலங்கைத் தளர்த்தச் சொன்னார். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது உடல் ஒடுங்கிப்போன கிழவர் போல ஒருவர் அவர் முன் வந்து நின்றார். அது துரைசாமி. ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோகக் கேட்டார். வெல்ஷால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இரண்டே பேர், ஓர் அறை, ஒரு மேசை. செட்டும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். அண்ணன் உடனே சரி என்றார், வாத்தியார் இரண்டு வாரத்தில் எழுதியும் முடித்துவிட்டார். கமிட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். இதுவரை எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: சண்டை உண்டா?