எட்டு மான்

7 பிப்ரவரி 2025, வெள்ளி

கிடைத்துவிட்டது! ஷிகோகு தீவிலுள்ள தகமட்சுவுக்குப் போகும் இரவு ரயிலில், மேல் தளத்தில் அடுத்தடுத்து இரண்டு இடம்.

பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், காலை 10 மணிக்குத்தான் முன்பதிவு திறக்கும். நோபிநோபி என்கிற இந்த மலிவு இடங்களுக்கு இருக்கும் அடிதடியில் 10.01 என்பதே தாமதம். நான் வீட்டில் போனில் தட்டிக்கொண்டிருந்தேன், அது சுற்றிக்கொண்டே இருந்தது. என் தோழி சு. மட்டும் நம்பாமல் 9 மணிக்கே டோக்கியோ ஸ்டேஷன் கவுன்டரில் போய் நின்றுவிட்டாள். அங்கிருந்த பையன் எல்லாவற்றையும் முன்னாலேயே தட்டி வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி விரலைத் தூக்கி வைத்திருந்தானாம். பத்தானதும் ஒரே தட்டு. அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதே ரயிலில் 'சிங்கிள்' என்கிற தனி அறை வேண்டுமென்றால் படுக்கைக்கு மட்டும் 7,700 யென் கூடுதல். நோபிநோபியில் காலை நீட்டிப் படுக்கலாம், ஆனால் கணக்குப்படி அது படுக்கை இல்லை, இருக்கை. அதனால் 530 யென்னோடு போயிற்று. இந்த மாதிரி ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் சு.வை மிஞ்ச எங்கள் பேட்டை நிஷிகசாயில் ஆள் கிடையாது.

எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறத்தாழ 16 ஆயிரம். என்னுடையதையும் அவளே கட்டிவிட்டாள். "அப்புறம் பாத்துக்கலாம்டி."

அப்புறம் என்றால் எப்போது?

8 பிப்ரவரி

சு. எனக்குத் தர வேண்டியது 80 ஆயிரம். 80 − 16 = 64. இப்படிக் கழிப்பதா, இல்லை இது வேறு அது வேறா?

19 பிப்ரவரி, புதன்

இன்று டப்பாச் சாப்பாடு கட்டும் பென்டோ லைனில் நாலு மணி நேரம் நின்றேன். சாதத்தின் நடுவில் உப்பில் ஊறிய ஒரு உமேபோஷிப் பழத்தை வைத்து லேசாக அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. எட்டு மான் என்பது எத்தனை உமேபோஷி என்று கை பாட்டுக்கு வைத்துக்கொண்டே இருக்க, மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

பத்தாயிரத்தை இங்கே மான் என்பார்கள். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன். எட்டு மான். நாலு வருஷமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன.

அன்றைக்கு அவள் நின்ற நிலையில் யாராயிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. இவரிடம் சொல்லாமல் கொடுத்ததுதான். இப்போது சொன்னால் முதல் கேள்வி "ஏன் கொடுத்தே" என்று வராது, "ஏன் சொல்லலே" என்றுதான் வரும்.

3 மார்ச், திங்கள்

சு. வீட்டில் பாதி சுவர் காலி. காலண்டரில், ஊருக்கே கிளம்பும் 29-ஐ வட்டம் போட்டிருக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

7 மார்ச், வெள்ளி, இரவு 10.40

ரயிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும்.

9-ஆம் பிளாட்பாரம். ரயில் வந்து நின்றபோது ஏறுகிறவர்களைவிடப் படம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். 21.50-க்குக் கிளம்பியது. இவர் பையனைக் கூட்டிக்கொண்டு வழியனுப்ப வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு ராத்திரி தோசைக்கு மாவு இருக்கிறது. மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்களுடையது 5-ஆம் பெட்டி. ஏறியதும் சு. பையை என் மேல் போட்டுவிட்டு 3-ஆம் பெட்டிக்கு ஓடினாள். குளியல் கார்டு மெஷினில் தீர்ந்துவிடுமாம். 330 யென், ஆறு நிமிஷம் வெந்நீர். இரண்டு கார்டோடு வந்தாள், வெற்றி வீராங்கனை போல.

63,670.

இப்படி ஒரு படுக்கையை நான் பார்த்ததில்லை. கம்பளம் விரித்த திண்ணை. ஒரு போர்வை, தலைக்கு ஒரு துணி, குடிக்க ஒரு காகித டம்ளர். தலையணை கிடையாது. பூட்டு கிடையாது. தலைமாட்டில் மட்டும் ஒரு சின்னத் தடுப்பு, பக்கத்து ஆளின் முகம் தெரியாமல் இருக்க. அதற்குக் கீழே உடம்பெல்லாம் ஒரே வரிசையில்தான், கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி படுத்துக் கிடக்கிற மாதிரி. எனக்கு இடது பக்கம் சு. வலது பக்கம் பாட்டி ஒருத்தர். ஏறியதும் செருப்பைச் சேர்த்து வைத்தார், எனக்கு ஒரு கும்பிடு போட்டார், போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

ரயிலில் சாப்பாடு விற்பதில்லை. நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தேன். டப்பாவைத் திறந்த சு. சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சாதத்துக்கு நட்டநடுவில் ஒரே ஒரு மாவடு, லேசாக அமுக்கி வைத்திருந்தேன். எனக்கே தெரியவில்லை, எப்போது வைத்தேன் என்று.

குளித்தேன். தண்ணீரை நிறுத்தினால் நேரமும் நிற்கும். சோப்புப் போடும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, கடைசியில் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் மிச்சம். மிச்சத்தை என்ன செய்வது? சு. ஆறு நிமிஷத்தையும் கொட்டிவிட்டு, தலையில் நுரையோடு வந்து நிற்கிறாள்.

8 மார்ச், விடிகாலை 3 இருக்கும்

எங்கேயோ நிற்கிறது. பிளாட்பார விளக்கு ஜன்னலில் விழுகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. ஹமாமட்சுவில் 1.12-க்கு நின்றால் அப்புறம் ஹிமேஜிதான், 5.25-க்கு. நடுவில் நகோயா, கியோத்தோ, ஓசாகா, எல்லாம் தூங்குகிறவர்களுக்குக் கீழே போய்விடும்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சு.வின் குரல், கிசுகிசுப்பாக.

"ஏய். முழிச்சிருக்கியா?"

நான் பேசவில்லை.

"அந்தப் பணம் எனக்கு மறக்கலடி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதோடு விட்டேனா, தூங்குகிறவள் மாதிரி மூச்சை வேறு இழுத்து இழுத்து விட்டேன்.

நாலு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தானே காத்திருந்தேன்?

8 மார்ச், சனி, மாலை, தகமட்சு

காலையில் நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

6.27-க்கு ஒகாயாமா. 14 பெட்டி ரயில் அங்கே இரண்டாகும். முன்னால் உள்ள ஏழு பெட்டி எங்களோடு தகமட்சுவுக்கு, பின்னால் ஏழு இஸுமோவுக்கு. கழற்றுவதைப் பார்க்க சு. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். எங்களுடையது 6.31-க்குக் கிளம்பும். நான் பைகளுக்குக் காவல். நாலு நிமிஷம்.

6.30. ஆள் இல்லை. போன் அடித்தேன், அவள் போர்வைக்குள்ளேயே உர்ரென்றது. அறிவிப்பு சொல்கிறார்கள், கதவு மூடுகிறது, ரயில் நகர்கிறது. அந்த நேரத்தில் என் மனசில் முதலில் வந்தது என்ன என்பதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? ஐயோ அவள் தனியாக மாட்டிக்கொண்டாளே என்று வரவில்லை. எட்டு மான் போச்சு என்று வந்தது.

ரெண்டு நிமிஷத்தில் 6-ஆம் பெட்டிப் பக்கமிருந்து நடந்து வந்தாள். 7-இல் ஏறிக்கொண்டாளாம். "செமயா இருந்துச்சுடி, நீ வந்திருக்கலாம்" என்றாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவள் மேலா என்று தெரியவில்லை.

அப்புறம் பாலம். மேலே கார் போகிறது, கீழ்த்தளத்தில் ரயில். இரும்புச் சட்டங்கள் ஜன்னலை வெட்டி வெட்டி ஓட, இடுக்கில் கடல், குட்டிக் குட்டித் தீவுகள், ஒரு சரக்குக் கப்பல். 1988-இல் திறந்தது. அதற்கு முன்னால் கப்பல்தான். 1955-இல் இரண்டு கப்பல் மோதி 168 பேர் போனார்கள், அதில் நூறு பேர் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பாலம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. நான் இதைச் சொன்னதும் சு. ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "பிள்ளைங்களையா" என்று மட்டும் கேட்டாள். கம்பளத்தில் சம்மணம் போட்டு இரண்டு பேரும் சும்மா இருந்தோம். பாட்டி எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார்.

தகமட்சுவில் 7.27. நேரே ஊதோன் கடை. உருண்டையாகக் கிடக்கும் நூடுல்ஸைக் கிண்ணத்தில் தருவார்கள். அதை நாமே கம்பிக் கூடையில் போட்டு வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும், சாற்றைக் குழாய் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். சு. தூத்துக்குடிக்காரி. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இது நெத்திலிக் கருவாடுல்லா!"

ஆமாம், இங்கே இரிகோ என்கிறார்கள். காய்ந்த நெத்திலியைப் போட்டுக் கொதிக்க வைத்த சாறு. பன்னிரண்டு வருஷம் டோக்கியோவில் இருந்துவிட்டு, கிளம்புகிற மாதம் ஊர் வாசனை கிடைக்கிறது அவளுக்கு. இன்னொரு கிண்ணம் வாங்கினாள். மூன்று கிண்ணத்துக்கும் நான்தான் கொடுத்தேன். இதைக் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பி, விட்டுவிட்டேன்.

பணப் பேச்சு வரவில்லை. ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்றே நினைக்கிறாள் போல. இல்லை, தெரிந்துகொண்டாளா?

9 மார்ச், ஞாயிறு

நரித்தாவுக்கு மலிவு விமானத்தில் திரும்பினோம். வந்த ரயிலைவிட இதுதான் மலிவு. இவரிடம் சொல்லவில்லை. சொல்லாததின் பட்டியல் நீள்கிறது.

15 மார்ச், சனி

சு. வீட்டில் சாமான் விற்பனை. அலமாரி போயிற்று, சைக்கிள் போயிற்று. நான் வாசலிலேயே நின்றேன். விலைச் சீட்டு ஒட்டிய சோபாவில் உட்கார்ந்து அவள் பணம் எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கவரைத் திருப்பி வைத்தாள். அப்படித்தான் எனக்குப் பட்டது.

16 மார்ச்

நான்தான் தூங்கினேன். அவளைச் சொல்லி என்ன.

27 மார்ச், வியாழன்

சு. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய கல் கிரைண்டர். இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி வந்திருக்கிறாள், லிப்ட் ரிப்பேர். "இது உனக்குத்தான். விலைக்கு யாருக்கும் தரமாட்டேன்." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவள் போன பிறகு ஒரு நினைப்பு வந்தது. பெரிய சாமானைத் தூக்கிப் போட இந்த ஊரில் நாம்தான் காசு கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். சீ, என்ன மனசு இது.

29 மார்ச், சனி

நரித்தா வரை போகவில்லை. பையனுக்குக் காய்ச்சல். உண்மையிலேயே காய்ச்சல்தான், 38.2. போனில், "ஊருக்குப் போனதும் பேசறேன், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். இப்பவே சொல்லேன் என்று கேட்டிருக்கலாம்.

30 மார்ச், ஞாயிறு

உளுந்து ஊறப் போட்டுவிட்டுக் கிரைண்டரைத் துடைத்தேன். அப்போதுதான் உறைத்தது. இது ஊர் கிரைண்டர், 230 வோல்ட். இங்கே வீட்டில் வருவது 100. அவள் வீட்டில் கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இருந்தது, சாம்பல் நிறத்தில். அதைக் கொடுக்க மறந்துவிட்டாள், அல்லது யாருக்கோ விற்றுவிட்டாள்.

வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. இவர் வந்து, மாவு எப்போ என்கிறார்.